பள்ளிக் கட்டணக் காப்பீடும் வேலையிழப்பும்: ஒரு விளக்கப் பாடம்



புதிய கல்வியாண்டு தொடங்கும் நாட்களில் எங்கள் கிளைகளுக்கு வரும் பெற்றோரில் பலர் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியே பேசுகின்றனர். ஓராண்டுக் கட்டணத்தை ஒரே தொகையாகச் செலுத்த இயலாதோர் கடன் பெற்று மாதத் தவணையாகச் செலுத்துகின்றனர். அவ்வாறு கடன் பெறும்போதோ, பள்ளியில் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதோ, கட்டணத்துக்குக் காப்பீடும் சேர்த்து வழங்கப்படுவது உண்டு. "வருமானம் நின்றாலும் குழந்தையின் படிப்பு நிற்காது" என்ற உறுதிமொழியை நம்பிப் பெற்றோரும் பிரீமியம் செலுத்தி விடுகின்றனர்.

பின்னொரு நாள் வேலை பறிபோகிறது. அலமாரியில் இருந்த காப்பீட்டுச் சான்றிதழை எடுத்து உரிமைக் கோரிக்கை அனுப்புகின்றனர். சில வாரங்களில் "தங்கள் கோரிக்கை பாலிசியின் நிபந்தனைகளுக்குள் அடங்கவில்லை" என்று ஒற்றை வரியில் மறுப்பு வருகிறது. வருமானமும் இல்லை, காப்பீடும் இல்லை, அடுத்த பருவக் கட்டணத்துக்கான கெடுவோ நெருங்குகிறது. இந்த நிலையில் நிற்கும் குடும்பத்தின் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.

காப்பீட்டு நிறுவனங்களின் முகவர்களாக வங்கிகளும் செயல்படுகின்றன. எனவே இத்தகைய பாலிசிகள் எதைத் தரும், எதைத் தராது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: வேலையிழப்புக் காப்பீட்டுத் தகராறுகளில் பெரும்பாலானவை கோரிக்கை அனுப்பும் நாளில் பிறப்பதில்லை. பாலிசி வாங்கும் நாளிலும், வேலையை விட்டு வெளியேறும் கடிதத்தில் கையெழுத்திடும் நாளிலுமே அவற்றின் முடிவு பெரிதும் தீர்மானமாகி விடுகிறது.

ஒரு பெயர், நான்கு பொருள்கள்

"கல்விக் காப்பீடு", "கட்டணப் பாதுகாப்பு" என்ற பெயர்களில் நம் நாட்டில் விற்கப்படுபவை ஒரே வகையானவை அல்ல. அவற்றை நான்காகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, குழந்தைகளுக்கான ஆயுள் காப்பீட்டுத் திட்டம். பாலிசி எடுத்த பெற்றோர் இறந்துவிட்டால் எஞ்சிய பிரீமியங்களைத் தள்ளுபடி செய்து, உரிய காலத்தில் முதிர்வுத் தொகையை வழங்குவது இதன் இயல்பு. பெற்றோர் வேலையிழந்தால் பிரீமியம் தள்ளுபடி ஆகாது. தவணை தவறினால் பாலிசியே காலாவதியாகக்கூடும்.

இரண்டாவது, தனிநபர் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்து வரும் கல்விப் பயன். விபத்தால் இறப்போ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் மட்டுமே பிள்ளைகளின் கல்விக்காக ஒரு தொகை கிடைக்கும்.

மூன்றாவது, பள்ளியே எடுக்கும் குழுக் காப்பீடு. இதில் பாலிசியின் உரிமையாளர் பள்ளி நிர்வாகம். பெற்றோருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டுமே. இதுவும் பெரும்பாலும் மாணவருக்கோ பெற்றோருக்கோ நேரும் விபத்தையே சார்ந்தது.

நான்காவதுதான் வேலையிழப்பைத் தொடுவது. நம் நாட்டில் வேலையிழப்புக் காப்பீடு பெரும்பாலும் தனிப் பாலிசியாக விற்கப்படுவதில்லை. கடனுடன் இணைந்த பாலிசியிலோ, தீவிர நோய் அல்லது விபத்துக் காப்பீட்டிலோ கூடுதல் பிரிவாகவே அது வருகிறது. அது பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துவதில்லை. கடனின் மாதத் தவணைகளைச் செலுத்துகிறது. அதுவும் பொதுவாக மூன்று தவணைகள் வரையில்தான்.

ஆகவே தங்கள் கையில் இருப்பது இந்த நான்கில் எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். முதல் மூன்று வகைகளில் ஒன்றை வைத்துக்கொண்டு வேலையிழப்புக்காகக் கோரிக்கை அனுப்பினால் பாலிசியின்படி பணம் கிடைக்க வழியில்லை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வேலையிழப்புக்கும் பொருந்தும் என்று சொல்லி இதை எனக்கு விற்றது யார்?" என்பதே அது.

வீட்டில் ஒரு பொருள், பாலிசியில் வேறு பொருள்

"வேலை போய்விட்டது" என்று வீட்டில் சொல்லும்போது அதற்கு விளக்கம் தேவையில்லை. பாலிசியிலோ அச்சொல்லுக்கு வரையறை உண்டு. பொதுவாகக் காணப்படும் வரம்புகள் இவை:

1. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல் போன்ற, ஊழியரின் விருப்பத்துக்கு மாறான பணிநீக்கம் மட்டுமே ஏற்கப்படும். தன்விருப்பப் பணிவிலகலும் ஓய்வுபெறுதலும் ஏற்கப்படா.

2. ஒழுங்கீனம், மோசடி, பணித்திறன் குறைவு ஆகிய காரணங்களால் நீக்கப்பட்டால் பயன் இல்லை.

3. தகுதிகாண் பருவத்தில் உள்ளோர், தற்காலிக அல்லது ஒப்பந்த ஊழியர், சுயதொழில் செய்வோர் ஆகியோர் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை. சொந்தக் கடை நடத்துபவர் இந்தப் பிரிவுக்காகப் பிரீமியம் செலுத்துவதில் பயன் ஏதும் இல்லை.

4. பாலிசி தொடங்கிய நாளிலிருந்து ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் வேலை போனால் பணம் கிடைக்காது.

5. வேலை போன பின்னரும் குறிப்பிட்ட நாட்கள் தொடர்ச்சியாக வேலையின்றி இருந்தால்தான் கோரிக்கை எழும்.

6. பாலிசி எடுக்கும்போதே ஆட்குறைப்பு அறிவிப்பு வெளியாகி, அது ஊழியருக்குத் தெரிந்திருந்தால் அந்த இழப்பு விலக்கப்படும்.

இவற்றின் நாட்கணக்கு ஒவ்வொரு பாலிசிக்கும் மாறுபடும். விளம்பரத் தாளில் இவை தென்படாமல் போகலாம். "வரையறைகள்", "விலக்குகள்" என்ற தலைப்புகளின் கீழ்த் தேடிப் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கு

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்ப்போம். ஒரு தாய் தம் மகளின் ஆண்டுக் கட்டணத்துக்குக் கடன் பெற்று, ஜூன் முதல் மே வரை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி 10,000 ரூபாய் வீதம் 12 தவணைகளாகச் செலுத்துகிறார். ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய பாலிசியில் 90 நாள் காத்திருப்புக் காலம் உண்டு. வேலை போன பின் 30 நாட்கள் வேலையின்றி இருக்க வேண்டும். அதன் பின் வரும் மூன்று தவணைகள் வரை வழங்கப்படும்.

அக்டோபர் 10-ஆம் தேதி அவருடைய நிறுவனம் ஆட்குறைப்பு செய்கிறது. காத்திருப்புக் காலம் ஆகஸ்டு இறுதியிலேயே முடிந்துவிட்டதால் அதில் தடையில்லை. 30 நாட்கள் நவம்பர் 9-ஆம் தேதி நிறைவடைகின்றன. எனவே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று தவணைகளுக்கு 30,000 ரூபாய் கிடைக்கும். நவம்பர் மாதத் தவணையும் மார்ச் முதல் மே வரையிலான மூன்று தவணைகளும், ஆக 40,000 ரூபாய், அவரே செலுத்த வேண்டியவை. எல்லாம் சரியாக நடந்தாலும் இவ்வளவுதான். இது தவறான பாலிசி அன்று. ஆனால் ஓராண்டுக் கட்டணமும் காப்பாற்றப்பட்டது என்று அவர் எண்ணியிருந்தால் அந்த எண்ணம் தவறு.

இதே எடுத்துக்காட்டில் ஒரு சிறு மாற்றம் செய்வோம். அக்டோபர் 10 அன்று மனிதவள அதிகாரி அவரை அழைத்து, "பணிநீக்கம் என்று எழுதினால் அடுத்த வேலை கிடைப்பது கடினம். தாங்களே ராஜினாமாக் கடிதம் கொடுத்து விடுங்கள், சொந்தக் காரணம் என்று எழுதினால் போதும்" என்கிறார். அவரும் எழுதிக் கொடுக்கிறார். நடந்தது அதே ஆட்குறைப்புதான். ஆயினும் ஆவணத்தில் இருப்பது தன்விருப்பப் பணிவிலகல். அந்த ஒரு சொல்லால் 30,000 ரூபாய் தகராறுக்குள் போய்விடுகிறது.

கையெழுத்திடும் முன்

இத்தகைய வேளையில் நிதானம் எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

விலகல் கடிதத்தில் உடனே கையெழுத்திடாமல் ஓரிரு நாள் அவகாசம் கேளுங்கள். ஆட்குறைப்பே காரணம் எனில், அதைக் குறிப்பிடும் பணிநீக்கக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். நிறுவனம் ராஜினாமாவையே வற்புறுத்தினால், "நிறுவனத்தின் ஆட்குறைப்பு முடிவின்படி, நிர்வாகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க விலகுகிறேன்" என்று உண்மையை உள்ளபடி எழுதுங்கள். "சொந்தக் காரணம்" என்று எழுதுவதைத் தவிர்த்தல் நலம். பேச்சில் சொல்லப்பட்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வையுங்கள். இழப்பீட்டுத் தொகை வழங்கப்பட்டிருந்தால் அதன் கணக்கு விவரம், இறுதிக் கணக்குத் தீர்வு, பணிவிடுப்புச் சான்று ஆகிய அனைத்தையும் சேமியுங்கள். அலுவலக மின்னஞ்சல் அன்றே முடக்கப்படக்கூடும் என்பதால், தங்கள் பணி நிலை தொடர்பான கடிதங்களின் படிகளை முன்னதாகவே பெற்று வைத்திருப்பது நன்று.

கோரிக்கை அனுப்பும்போது

பாலிசியில் குறிப்பிட்ட கால வரம்புக்குள் எழுத்து வடிவில் தகவல் தாருங்கள். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். படிவத்தில் "வேலை முடிவுக்கு வந்த காரணம்" என்ற இடத்தில் எழுதுவதும் நிறுவனம் தந்த கடிதத்தில் இருப்பதும் முரண்படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். முரண்பாடு இருந்தால் அதற்கான விளக்கத்தைத் தனித்தாளில் இணையுங்கள். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை பெறுங்கள்.

தாமதம் நேர்ந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தவிர்க்க இயலாத காரணத்தால் தாமதமான உண்மையான கோரிக்கைகளைத் தாமதத்தை மட்டுமே காட்டி நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விடுத்துள்ளது. தாமதத்துக்கான காரணத்தைச் சான்றுடன் விளக்குங்கள்.

மறுக்கப்பட்டால்: நான்கு படிகள்

முதற்படி: பாலிசியின் எந்த நிபந்தனையின்படி கோரிக்கை மறுக்கப்பட்டது என்பதை எழுத்து வடிவில் கேளுங்கள். பின்னர் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முறையீடு அனுப்புங்கள். முறையீட்டை 14 நாட்களுக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும் என்பது விதி.

இரண்டாம் படி: பதில் வராவிட்டாலோ பதிலில் நிறைவு இல்லாவிட்டாலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் "பீமா பரோசா" தளத்தில் பதியலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 155255. இங்கே பதியப்படும் முறையீடு காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுக் கண்காணிக்கப்படும், தீர்ப்பு வழங்கப்படுவதில்லை.

மூன்றாம் படி: காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்கும் இவருடைய அலுவலகங்கள் சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களில் உள்ளன. தாங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய அலுவலகத்தையே அணுகலாம். தனிநபர் பாலிசிகளுடன் குழுக் காப்பீட்டுத் தகராறுகளும் ஏற்கப்படும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்த பின்னர், அல்லது முறையீட்டுக்கு ஒரு மாதம் வரை பதில் வராத பின்னர், ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அவருடைய தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் இங்கே மனுச் செய்ய இயலாது.

நான்காம் படி: நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். முன்னதாக ஆலோசனை பெற 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

தங்கள் ஒப்புதலின்றிக் கணக்கிலிருந்து பிரீமியம் பிடிக்கப்பட்டது என்பது போன்ற குறை வங்கியின் மீதானால், முதலில் வங்கிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில் இந்திய ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். தகவல் எண் 14448. எங்கள் வங்கிக்கும் இது பொருந்தும்.

வாடிக்கையாளருக்குத் துணையாக நிற்கும் கோட்பாடுகள்

பாலிசியின் சொற்கள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்று மேலே கண்டோம். ஆனால் அச்சொற்களைப் படிப்பதற்கும் நீதிமன்றங்கள் நெறிகள் வகுத்துள்ளன. மனு எழுதும்போது இவை உதவும்.

ஒன்று, பாலிசியின் சொல் இரு பொருளுக்கு இடம் தருமானால், அதை எழுதிய காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிரான பொருளே கொள்ளப்படும். இரண்டு, விலக்கு நிபந்தனை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை எனில், அதைக் காட்டிக் கோரிக்கையை மறுக்க இயலாது. மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு இதைத் தெளிவாக்கியது. எனவே நிபந்தனைகள் அடங்கிய முழு பாலிசி எப்போது, எவ்வாறு தரப்பட்டது என்பது முக்கியமான சான்று. மூன்று, மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தைக் காப்பீட்டு நிறுவனம் பின்னர் வழக்கில் முன்வைக்க இயலாது. சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வாறு கூறியது. மறுப்பை எழுத்தில் பெறுமாறு நாங்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

ஆயினும், தெளிவாக எழுதி முறையாகத் தெரிவிக்கப்பட்ட விலக்கை இக்கோட்பாடுகள் அழித்துவிடா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தகராறு நடக்கும்போது குழந்தை காத்திருக்க முடியாது

குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை பள்ளி மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும். எனவே கோரிக்கை அனுப்பிய அன்றே மற்றொரு பணியையும் தொடங்குங்கள்.

பள்ளி முதல்வருக்கு நிலைமையை விளக்கி, கட்டணத்தைப் பகுதி பகுதியாகச் செலுத்த அனுமதி கேட்டு எழுதுங்கள். கெடு முடிந்த பின் கேட்பதைவிட முன்னரே கேட்பது மதிப்பைக் காக்கும். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 16-ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 மே 3 அன்று, ராஜஸ்தான் தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில், கட்டண நிலுவைக்காக மாணவரை வகுப்பிலிருந்து தடுக்கவோ தேர்வு முடிவை நிறுத்தி வைக்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே வேளையில் கட்டணத்தைத் தவணைகளில் செலுத்துமாறு பெற்றோருக்கும் சொன்னது. அது அந்த இடர்க்காலத்துக்கான ஆணை. எனினும் பள்ளியுடன் பேசும்போது அதன் நியாயத்தை எடுத்துக்காட்டலாம். அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றுவதாயின், எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க இயலாது. இது அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு.

இ.எஸ்.ஐ. உறுப்பினராக இருந்தோர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தை அணுக வேண்டும். நிறுவனம் மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலையிழந்தோருக்கு 2005-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டமும், 2018-இல் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டமும் உதவித்தொகைக்கு வகை செய்கின்றன. தற்போதைய தகுதி விதிகளை அங்கேயே கேட்டறியலாம்.

கடன் தவணை தவறும் முன் எங்கள் கிளைக்கு வாருங்கள். தவணை நாளில் கணக்கில் பணமின்றித் திரும்பினால் அபராதமும் சேரும். கடன் வரலாற்றிலும் பதிவாகும். முன்கூட்டியே எழுதிக் கேட்டால், தவணைக் காலத்தை நீட்டிப்பது போன்ற வழிகளை ஆராய வாய்ப்பு உண்டு. காப்பீட்டுத் தொகை வரும் என்ற நம்பிக்கையில் தவணையை நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்துடன் உள்ள தகராறு கடனைத் தள்ளி வைப்பதில்லை.

வாங்கும் நாளில் கேட்க வேண்டியவை

முடிவாக, பாலிசி வாங்கும்போது விற்பவரிடம், அவர் எங்கள் ஊழியராகவே இருந்தாலும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வேலையிழப்பு இதில் அடங்குமா? என் பணி வகைக்கு இது பொருந்துமா? நிர்வாகம் கேட்டு நான் ராஜினாமா செய்தால் பயன் உண்டா? காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? அதிகபட்சமாக எத்தனை ரூபாய், யாருக்குச் செலுத்தப்படும்? விடைகளைப் பாலிசியின் பக்கத்தில் சுட்டிக்காட்டச் சொல்லுங்கள். சுட்டிக்காட்ட முடியாத வாக்குறுதியை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். ஆயுள் அல்லது உடல்நலக் காப்பீட்டு வகையைச் சேர்ந்த பாலிசியாயின், அது கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படித்துப் பார்த்து, ஒவ்வாவிடில் திருப்பித் தரவும் உரிமை உண்டு. காப்பீடு வாங்கினால்தான் கடன் என்று கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

மூன்று தவணைகளைத் தரும் காப்பீடு பயனற்றது அன்று. அது மூன்று மாதங்களுக்கான கைத்தடி. அதற்கு அப்பால் நடக்க, ஒரு பருவக் கட்டணத்துக்கு ஈடான தொகையைத் தொடர் வைப்பில் சிறிது சிறிதாகச் சேர்த்து வைப்பதே உறுதியான வழி. அந்தச் சேமிப்பு, வேலை போன காரணத்தைக் கேட்பதில்லை.

தங்கள் வீட்டில் உள்ள பாலிசியை இவ்வாரமே எடுத்து "வரையறைகள்" பகுதியைப் படித்துப் பாருங்கள். புரியாத இடம் இருந்தால் கிளைக்குக் கொண்டு வாருங்கள். உடன் அமர்ந்து படித்து விளக்கக் காத்திருக்கிறோம்.